பழைய வீட்டுக்குப் புது வயரிங்: செலவும் சோதனையும்

கும்பகோணத்தில் என் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டின் வயரிங்கை முழுவதுமாக மாற்றும் வேலையை உள்ளூர் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தோம். பதினொரு நாளில் அவர் முடித்துத் தந்தார். மரச்சட்டத்தின் மேல் ஓடிய பழைய கம்பியைக் கழற்றியபோது, அதன் ரப்பர் உறை விரல் பட்ட மாத்திரத்தில் பொடியாக உதிர்ந்தது. ஃபியூஸ் கட்டையிலோ, மெல்லிய இழைக்குப் பதிலாக யாரோ தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு செலவைப் பற்றி முணுமுணுக்க எனக்கு மனம் வரவில்லை.

கூலி, பாயிண்டுக்கு, அதாவது விளக்கு, விசிறி, பிளக் என ஒவ்வோர் இணைப்புக்கும், 350 ரூபாய் வீதம் 46 பாயிண்டுகளுக்கு 16,100 ரூபாய் ஆயிற்று. பணம் கரைந்தது பொருள்களில்தான்: விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்ற கணக்கில் செம்புக் கம்பிகள், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச், புதிய எர்த் குழி எல்லாம் சேர்ந்து 68,000 ரூபாய். கொத்திய சுவரைப் பூசுவது கொத்தனார் கணக்கு என்பதை முதலிலேயே சொல்லாதது பெருங்குறை. அதற்குத் தனியாக 14,000 ரூபாய் போயிற்று.

சோதனைக்கு வாங்கிய 2,500 ரூபாய் வீண் என்றே நினைத்திருந்தேன். விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, கம்பி உறையின் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியால் ஒவ்வொரு சர்க்யூட்டாக அளந்தபோது, மற்றவை நூறு மெகா ஓமைத் தாண்டி நிற்க, கொல்லைப்புறக் குளியலறைக் கம்பி மட்டும் ஒரு மெகா ஓமுக்கும் கீழே காட்டியது: ஆணி அடித்ததில் உறை கிழிந்திருந்தது. கூடுதல் பணம் கேளாமல் அன்றைக்கே மாற்றித் தந்தார். அளவுகளை எழுதிக் கையொப்பமிட்ட தாளைத்தான் இரண்டு முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது.