'ஃபுல் சிஸ்டம்' கார் ஸ்கேனர்: காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் கார் ஸ்கேனர், அதாவது காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் கருவி, தேடும் நண்பர்கள் கவனத்துக்கு. லேப்டாப்பில் மாட்டும் கேபிள், கூடவே ஒரு சிடி, விலை 380 வெள்ளி. "என்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் படிக்கும் அண்ணே, ஃபுல் சிஸ்டம்" என்று சொல்லித்தான் பட்டணத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் என் தலையில் கட்டினார்கள். எங்கள் மைவி காரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு அணையாமல் எரிகிறது, அதற்குத்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியே வாங்கினேன். கடைக்காரர் தன் காரில் மாட்டி, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கத் திரையில் ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) முள் ஏறி இறங்குவதைக் காட்டினார்.

வீட்டில் சிடியைப் போட்டதும் முதல் வரியே ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது. பெரும்பாலும் திருட்டு நகல் மென்பொருள்தான் இப்படிக் கேட்கும். சரி, பழைய லேப்டாப்பில் ஏற்றி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகினேன். என்ஜின் பக்கம் திறந்து 'கோளாறு இல்லை' என்றது. ஏபிஎஸ்ஸை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, 'பதில் இல்லை' என்று நின்றது. ஏர்பேக்கும் அதே கதைதான். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

ஈப்போவில் ஒரு மெக்கானிக் தன் ஸ்கேனரை மாட்டியதும் இடது பின்சக்கர வேக சென்சார் என்று வந்துவிட்டது. அதன் வயர் உரசி அறுந்திருந்தது. அவர்தான் விளக்கினார்: அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான ஓபிடி2, அதாவது கார் கோளாறைப் படிக்கும் பொது முறை, புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. அதனால் என்ஜின் கோட் (கோளாறு எண்) எந்த மலிவுக் கருவிக்கும் கிடைக்கும். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் அப்படியல்ல. கம்பெனிக்குக் கம்பெனி வழி வேறு, அந்தக் காருக்கென்று எழுதிய மென்பொருள் வேண்டும். கேபிளுக்குள் இருந்ததும், காரோடு பேசும் இஎல்எம்327 என்ற சிப்பின் போலி. அதில் 2.1 என்று காட்டும் பதிப்பு எண்ணை நம்பவே கூடாதாம்.

மழை நாளில் தோட்டத்துச் செம்மண் பாதையில் என் மனைவி பிள்ளைகளை ஏற்றிப் போகும் கார் இது. ஏபிஎஸ் இல்லாமல் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதைத் தெரிந்துகொண்டே பொய் சொல்லி விற்றதுதான் எனக்கு ஆறவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனால், "சிடியைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்க முடியாது" என்று கையை விரித்தார்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதில் அச்சிட்டிருந்தாலும், மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை போய்விடாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நான் மனு போட்டுவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் காரில் காட்டுவதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். உங்கள் காரில் மாட்டி ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம், கார் மாடலோடு 'ஏபிஎஸ் படிக்கும்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த இடத்திலேயே கிளம்பிவிடுங்கள்.