மதுரை–சின்னமனூர் 200 கி.மீ. சைக்கிள் பயணம்: கட்டிய பணத்துக்கு என்ன கிடைத்தது?

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதுரை காளவாசலில் காலை 5 மணிக்குக் கிளம்பி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சின்னமனூரைத் தொட்டுத் திரும்பும் 200 கி.மீ. பிரெவே பயணத்தை (குறித்த தூரத்தைக் காலவரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) நானும் என் தோழியும் சேர்ந்து முடித்தோம். பணம் கட்டிப் பதிவு செய்து போகும் ஒரு சேவை என்ற முறையில் அதில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது, எதை மாற்ற வேண்டும் என்பதை எழுதுகிறேன். இவையெல்லாம் பந்தய வீரர்களுக்கு உரியவை என்று ஒதுங்கி நிற்பவர்கள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பயணம் அவர்களுக்கும் சேர்த்தே வகுக்கப்பட்டது. நடத்துபவர்கள் அதை உரக்கச் சொல்லாததுதான் எனக்குப் பெரிய குறை.

பிரெவே என்பது பந்தயம் அன்று. முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. பாரிஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் சங்கம் வகுத்த விதிகளே உலகமெங்கும் பின்பற்றப்படுகின்றன. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டோனர்ஸ் அமைப்பு இவற்றை மேற்பார்க்கிறது. 200 கி.மீ. தூரத்துக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று காலவரம்பு உண்டு. சாப்பிடுவது, தேநீர் குடிப்பது, பஞ்சர் ஒட்டுவது, மர நிழலில் உட்காருவது எல்லாம் இந்த நேரத்துக்குள் அடக்கம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் பத்து மணி நேரத்தில் தூரம் முடிந்துவிடும். மீதி மூன்றரை மணி நேரம் நம் கையில் இருக்கும். என் தோழி ஓட்டியது பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வாங்கிய ஏழு கியர் சைக்கிள். விலை உயர்ந்த கார்பன் சைக்கிள்களுக்கு நடுவே அதை நிறுத்த அவர் முதலில் கூச்சப்பட்டார். ஆனால் சைக்கிளைச் சோதித்தவர்கள் பிரேக், முன்விளக்கு, பின்விளக்கு, ஹெல்மெட், ஒளிர் மேலாடை ஆகியவற்றைத்தான் பார்த்தார்களே ஒழிய, எந்தக் கம்பெனி, என்ன விலை என்று ஒருவரும் கேட்கவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்தது.

வழியைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். காலையில் மேற்கே போய், பிற்பகலில் கிழக்கே திரும்புவதால், மதுரை–தேனி சாலையில் இரண்டு வேளையும் வெயில் பெரும்பாலும் முதுகுப் பக்கமே விழுகிறது. தை மாதத்தில் ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் எழுவதால் முதல் ஒன்றரை மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில்தான் போக வேண்டும். நாகமலையின் நீண்ட முதுகு வலப்பக்கமா இடப்பக்கமா என்றுகூடத் தெரியாத இருட்டில், செக்கானூரணி வரை லாரிகளின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போனோம். உசிலம்பட்டியில் விடிந்திருந்தது. அதற்கு மேல் சாலை மெதுவாக ஏறிக்கொண்டே போய், ஆண்டிபட்டிக் கணவாயில் உண்மையான ஏற்றமாகிறது. கொடைக்கானல் மலைப்பாதையோடு ஒப்பிட்டால் இது ஏற்றமே இல்லை என்று சொல்வார்கள். ஆனால் 200 கி.மீ. பயணத்தில் போகும்போது ஒரு முறையும், கால் தளர்ந்து திரும்பும்போது மறுமுறையும் ஏற வேண்டிய இடம் அது. அனுபவம் உள்ளவர்களும் அங்கே கியரைக் குறைத்து, பேச்சை நிறுத்திக்கொண்டு ஏறியதைப் பார்த்தேன்.

கணவாயைத் தாண்டியதும் நிலமே மாறிவிடுகிறது. ஆண்டிபட்டிக் கரடுகளின் வறட்சி, தேனியைக் கடந்து வீரபாண்டிப் பக்கம் முல்லையாற்றைக் கண்டதும் நெல்லும் வாழையும் தென்னையுமாக முடிந்துவிடும். பெரியாற்றுத் தண்ணீர் செய்யும் வேலை அது. இந்தப் பகுதியை பஸ்ஸில் பலமுறை கடந்திருக்கிறேன். சைக்கிளில் போகும்போதுதான் எந்த இடத்தில் காற்றில் ஈரம் கூடுகிறது என்பது உடம்புக்குத் தெரிந்தது.

சின்னமனூர் கன்ட்ரோல், அதாவது வழியில் நின்று நேரத்தைப் பதிந்துகொள்ள வேண்டிய இடம், 100 கி.மீ. தூரத்தில் அமைந்திருந்தது. விதிப்படி அது கிளம்பியதிலிருந்து 6 மணி 40 நிமிடத்தில், அதாவது 11.40-க்கு மூடப்படும். நாங்கள் பத்தரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். பிரெவே அட்டையில் முத்திரை வைத்த தொண்டர் எங்கள் இருவர் முகத்தையும் உற்றுப் பார்த்து, “ஏம்மா, உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு இருக்கு, குடிச்சிட்டு அப்புறம் உக்காருங்க” என்றார். நிழல், பாய், வாழைப்பழம், கடலை மிட்டாய், காற்றடிக்கும் பம்ப் என்று எல்லாமே இருந்தன. இவ்வளவு கவனமாக நடத்தப்பட்ட கன்ட்ரோலுக்காகவே பதிவுக் கட்டணம் தகும் என்பேன்.

கன்ட்ரோலுக்கு வெளியே எந்த உதவியும் கிடையாது என்பதைப் புதியவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வண்டி வராது, சொந்தக்காரர்கள் காரில் தொடர்ந்து வந்து தண்ணீர் கொடுக்கவும் கூடாது. டியூப், பஞ்சர் சாமான், தண்ணீர், சில்லறை எல்லாம் நம்மிடமே இருக்க வேண்டும். பாதியில் விடுவதானால் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஊர் திரும்பும் ஏற்பாட்டையும் நாமே செய்துகொள்ள வேண்டும். இதைக் குறை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடவே ஆம்புலன்ஸும் வேனும் வரும் ஊர்வலங்களில் கலந்துகொண்டிருக்கிறேன். இங்கே கிடைத்த பொறுப்புணர்வு அங்கே கிடைத்ததில்லை.

திரும்பும் வழிதான் உண்மையான சோதனை. தேனியிலிருந்து மதுரைக்கு மொத்தத்தில் இறக்கம் என்பதால் எளிதாக இருக்கும் என்று கணக்குப் போடுவோம். ஆனால் தை மாதத்து வாடைக்காற்று பத்து மணிக்கு மேல் வலுத்து, கிழக்கே போகிறவரின் நெஞ்சுக்கு நேராக வீசுகிறது. தேனி வந்தபோது தோழிக்கு உள்ளங்கை மரத்து, முழங்காலும் வலித்தது. 2022-இல் தேனிக்கு மீண்டும் ரயில் வந்தபிறகு சைக்கிளோடு ஊர் திரும்புவது முடியாத காரியம் அன்று. ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்றுகூட அவர் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். பிறகு, “நீ முன்னாடி போடி, உன் சக்கரத்தைப் பாத்துக்கிட்டே வர்றேன்” என்று அவரே சொன்னார். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருபவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வோம் என்று தொடங்கினாலும், கணவாய் வரை நானே முன்னால் போனேன். கணவாயைத் தாண்டி உசிலம்பட்டிவரை அவர் என்னைவிட நீண்ட நேரம் முன்னால் போய் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டார். விதிப்படி ஒவ்வொருவருக்கும் அட்டை தனி, நேரம் தனி. அப்படியிருந்தும் எங்கள் இரண்டு அட்டைகளிலும் எல்லாக் கன்ட்ரோலிலும் ஒரே நிமிடம்தான் பதிவாகியிருக்கிறது. தனியாகப் போயிருந்தால் நான் கூடுதல் வேகத்தில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் காற்றில் முடித்திருப்பேனா என்பது எனக்கு நிச்சயமில்லை.

மாலை 5.50-க்குக் காளவாசல் வந்து சேர்ந்தோம். எல்லை நேரம் 6.30.

இனிக் குறைகள். உசிலம்பட்டிக் கன்ட்ரோலில் பெண்களுக்குக் கழிப்பறை ஏற்பாடு எதுவும் இல்லை; பக்கத்து ஓட்டலில் கெஞ்சிக் கேட்டுத்தான் போக முடிந்தது. பங்கேற்ற பெண்கள் மிகக் குறைவு என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். ஏற்பாடு இல்லாததால்தான் பெண்கள் குறைவாக வருகிறார்கள் என்று நான் கருதுகிறேன். அடுத்து, ஆண்டிபட்டிக் கன்ட்ரோலில் மூடும் நேரத்துக்கு வெகுமுன்பே மேசையை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள், தண்ணீரும் தீர்ந்திருந்தது. கடைசியாக வருகிறவருக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை. மெதுவாக வருகிறவரையும் விதி சமமாக மதிக்கும்போது, கன்ட்ரோல் மேசையும் அப்படியே மதிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வழித்தாள், விதிகள், முந்தைய நாள் விளக்கம் அனைத்தும் ஆங்கிலத்திலேயே இருந்தன. தேனி ரோட்டில் தினமும் ஐம்பது கிலோமீட்டர் பால் கேனோடு மிதிப்பவர் இருக்கிறார். மில் வேலைக்குச் சைக்கிளில் போய்வருபவர் இருக்கிறார். அவர்களால் 13 மணி 30 நிமிடத்தில் இதை முடிக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நேரக்கணக்கைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து, சைக்கிள் கடைகளிலும் பஞ்சர் கடைகளிலும் ஒட்டுவது பெரிய செலவன்று. அமைப்பாளர்களிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பைத் தோழியே செய்து தருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

முதல்முறை போகிறவர்கள் தை, மாசியில் பதிவு செய்யலாம். வெயில் தாங்கும்படி இருக்கும், எதிர்காற்று திரும்பும்போதுதான் வரும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று போகும்போதே ஏற்றத்தோடு சேர்ந்து எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும் என்றாலும், ஆண்டிபட்டிப் பக்கம் அது சைக்கிளைச் சாய்க்கும் அளவுக்கு வீசும். அந்தப் பருவத்தை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.