555 புத்தகம்: வேலையிடக் கொடுமையைக் குறித்து வைக்கத் தாங்குமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் 555 என்ற சிறிய குறிப்புப் புத்தகம் என்றாலே மளிகைக் கடைக் கடன் கணக்குதான் நினைவுக்கு வரும். இந்த மதிப்பீடு அதை வேறொரு வேலைக்கு வைத்துப் பார்க்கிறது. பெரட்டில் (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்பில்) பத்துப் பேர் முன்னால் கேவலமாகப் பேசும் மண்டோர், அதாவது மேஸ்திரி, ஓ.டி. (மிகைநேர) மணியை வெட்டும் சூப்பர்வைசர், ஆளை ஒதுக்கி வைத்துத் தானாகவே வேலையை விட்டு ஓட வைக்கும் மானேஜர். இப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டவர் நடந்ததை அன்றன்றே எழுதி வைக்க இது தாங்குமா? தாங்கும். ஆனால் கடையிலிருந்து வாங்கி வந்தபடியே எழுதத் தொடங்கினால் பின்னால் சிக்கல் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். விலை ஒரு கிளாஸ் தே தாரிக்கைவிடக் குறைவு. சட்டைப் பையில் அடங்கும், செம்பனைக் காட்டில் நின்றபடியே எழுதலாம். யார் கண்ணில் பட்டாலும் கடைக்கணக்கு என்றே நினைப்பார்கள். இது சின்ன விஷயமில்லை. குறிப்பெடுப்பது தெரிந்தாலே அடுத்த தொல்லை ஆரம்பிக்கும் இடங்கள் உண்டு. கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டு உள்ளே போகும் தொழிற்சாலைகளில், இடைவேளையில் கைக்கு எட்டுவது இப்படி ஒரு புத்தகம்தான்.

குறை அதன் கட்டமைப்பில் இருக்கிறது. நடுவில் கம்பி அடித்த புத்தகம் இது. ஒரு தாளை உருவினால் அதன் ஜோடித் தாளும் தளர்ந்து விழும், பிறகு தாள் போன தடமே தெரியாது. விசாரணையில் எதிர்த்தரப்பு, "வேண்டாததைக் கிழித்துவிட்டீர்களா?" என்று கேட்க அதுவே போதும். அதனால் எழுதத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். முதல் பக்கத்தில் பெயர், வேலையிடம், தொடங்கிய தேதி, மொத்தப் பக்கங்கள் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள். தாள் மெல்லியது, வியர்வை பட்டால் ஜெல் பேனா மை கசியும். பென்சில் வேண்டவே வேண்டாம், அழித்துத் திருத்தியதாகச் சொல்வார்கள். சாதாரணப் பந்துமுனைப் பேனாவும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையும் போதும். தவறாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். வெள்ளை மை தடவக்கூடாது. அன்றைய குறிப்புக்குக் கீழே இடம் மிஞ்சினால் குறுக்குக் கோடு போட்டு மூடிவிடுங்கள், பிறகு நுழைத்தது என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

எழுதும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "மண்டோர் இன்றும் கொடுமைப்படுத்தினார்" என்று இருபது நாள் எழுதினாலும் அது எழுதியவரின் வருத்தத்தைத்தான் காட்டும், நடந்ததைக் காட்டாது. கீழே உள்ளதுபோல் இருக்க வேண்டும்:

"புதன், காலை 6.10, பெரட்டு. மண்டோர் எல்லார் முன்னும், 'உன்னை மாதிரி ஆள் இந்தத் தோட்டத்துக்கே தேவையில்லை, நீயே போயிடு' என்றார். பக்கத்தில் நின்றவர்கள் இருவர் (பெயர்). பிறகு தனியாக மேட்டுக்காட்டுக்கு அனுப்பினார். நான் எண்ணிய செம்பனைக் குலை 92, சீட்டில் பதிந்தது 78. 3.40க்கு ஆபீஸ் கிராணியிடம் கேட்டேன். 'மண்டோரைக் கேள்' என்றார்."

நேரம், இடம், சொன்ன வார்த்தை சொன்ன மொழியிலேயே, பார்த்தவர்கள், எண்ணிக்கை, அதன் பின் செய்தது. மலாயில் திட்டினால் மலாயில்தான் எழுத வேண்டும். குலை 92, சீட்டில் 78 என்ற அந்த ஒரு வரி, பக்கம் பக்கமாகப் புலம்புவதைவிடக் கனமானது. சம்பளச் சீட்டோடு வைத்து அதைச் சரிபார்க்க முடியும்.

அன்றன்றே எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 159ஆம் பிரிவு, சம்பவ நேரத்திலோ நினைவு மங்காத அளவுக்கு உடனடியாகவோ தான் எழுதியதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சிக்கு இடம் தருகிறது. மூன்று மாதம் கழித்து ஒரே இரவில், ஒரே பேனாவில் எழுதி நிரப்பிய புத்தகத்துக்கு அந்த மதிப்பு கிடைக்காது. பக்கத்தைப் படமெடுத்து அன்றிரவே நம்பிக்கையான உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போய்ச் சேர்ந்த தேதி இரண்டு கைப்பேசியிலும் நிற்கும். கம்பெனி கொடுத்த கைப்பேசியிலோ மின்னஞ்சலிலோ இதைச் செய்யாதீர்கள், வேலை போகும் அன்றே கதவு சாத்தப்படும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்: தேதி அச்சிட்ட டைரி தாள் உருவும் பிரச்சினையைத் தீர்க்கும், ஆனால் பெரிது, கண்ணை உறுத்தும். அலுவலக மேசை வேலைக்காரருக்கு அதுவே மேல். தைத்த கெட்டி அட்டைப் புத்தகம் வீட்டில் வைத்து எழுத நல்லது. கைப்பேசிக் குறிப்புச் செயலி எளிது, ஆனால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதே அதன் பலவீனம்.

புத்தகம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வேலையிடப் பகடிவதைக்கென்று, அதாவது இப்படி மிரட்டி ஒதுக்கும் கொடுமைக்கென்று மட்டும் தனிச் சட்டம் இல்லை. நடந்ததைப் பிரித்து, அந்தந்த வாசலில் கொடுக்க வேண்டியிருக்கிறது. பணம் சம்பந்தப்பட்டது லேபர் ஆபீசுக்கு. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது 2023 ஜனவரி 1 முதல் உள்ள உச்ச வரம்பு. மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குபவருக்குச் சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு. இவற்றுக்குப் புத்தகத்தில் உள்ள வருகை, வெளியேறிய நேரம் நேரடியாக உதவும். பாலியல் தொல்லை என்றால் முதலாளியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை அவர் எழுதித் தர வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றமும் இருக்கிறது. மிரட்டல், துன்புறுத்தல் என்றால் போலீஸ். குற்றவியல் சட்டத்தில் 507பி முதலான புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்துவிட்டன.

மிகவும் சிக்கலானது, ஆளை விரட்டி ராஜினாமா வாங்குவது. பலர் கோபத்தில் வேலைக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். அனுமதியும் தகவலும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாக முதலாளி சொல்ல முடியும். அல்லது "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று நிர்வாகம் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த ஒரு வரி புத்தகம் முழுவதையும் தோற்கடித்துவிடும். உண்மைக் காரணத்தை, தேதிகளைக் குறிப்பிட்டு, கடிதத்தில் எழுத வேண்டும். இப்படி விலகியதை வேலைநீக்கமாக ஏற்க, 1988இல் கேத்தே நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் கறாரானது: முதலாளி கெட்டவர் என்பது போதாது, வேலை ஒப்பந்தத்தின் வேரையே அறுத்திருக்க வேண்டும். தொழிலாளியும் அதன்பின் நாள் கடத்தாமல் வெளியேறியிருக்க வேண்டும். கடைசிச் சம்பவத்துக்கும் கடிதத்துக்கும் இடையே எத்தனை நாள் என்பதற்குப் புத்தகமே பதில் சொல்லும். அதன்பின் ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹாஆன், அதாவது தொழிலுறவு இலாகாவில் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் மனு போட 60 நாள் மட்டுமே. கட்டணம் கிடையாது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை காப்புறுதிக்கும் அதே 60 நாள்தான். முதலில் தொழிற்சங்கத்திடம் பேசிப் பார்க்கலாம் என்று நாளை ஓட்டாதீர்கள், பேச்சையும் மனுவையும் சேர்த்தே செய்யுங்கள்.

இந்தப் புத்தகத்தால் ஆகாத காரியமும் உண்டு. இது எழுதியவர் வாக்கு மட்டுமே. சம்பளச் சீட்டு, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று), வாட்ஸ்அப் உத்தரவு, சாட்சி என்று ஏதாவது ஒன்று கூட நிற்க வேண்டும். இன்னொன்று: தினமும் பழைய பக்கங்களைப் புரட்டுவது மனதைத் தின்னும். பத்து நிமிடத்தில் எழுதி மூடுங்கள். தூக்கம் கெட்டு, ஞாயிறு மாலையே வயிறு கலங்கத் தொடங்கினால் கிளினிக்குக்குப் போய், காரணத்தை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பதிவில் ஏற்றுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

நிர்வாகத்தில் இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். குலை வெட்டும் சுற்று பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வர வேண்டும். ஒரு மண்டோரின் வாய்க்குப் பயந்து நான்கு வெட்டுக்காரர் நின்றுவிட்டால் சுற்று நீளும், பழம் கனிந்து உதிரும், உதிரியைப் பொறுக்க ஆள் இருக்காது, மில்லில் எடுக்கும் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் ஏறித் தரம் இறங்கும். இந்த நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகமும் அந்த மண்டோர் பெயரில் எழுதுவதில்லை. ஆள் விலகலை முன்கூட்டிச் சொல்வதில் நச்சுப் பண்பாடு சம்பளத்தைவிட 10.4 மடங்கு வலுவானது என்று எம்.ஐ.டி. ஸ்லோன் மேலாண்மை இதழில் 2022இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. தொழிலாளி குறிப்பெடுக்கிறார் என்று தெரிந்தால் பிடுங்க நினைக்காமல், வாங்கிப் படிக்கும் மானேஜருக்குத்தான் லாபம்.

வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். முதலாவது முடிந்ததும் அட்டையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி, தோட்டத்து வீட்டில் வைக்காமல் வெளியே இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வேலை போனால் கம்பெனி வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள், அந்த அவசரத்தில் முதலில் தொலைவது இப்படிப்பட்ட சிறிய பொருள்தான்.