ஸ்போக் வீல் கோட்டம் எடுக்க இந்தக் கடைக்குப் போகலாமா?

புல்லட் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். போர்டுகூட இல்லாத சின்னக் கடைதான், ஆனால் பெரியவர் வீலை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றவிட்டு ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக் கேட்கிறார். ‘டிங்’ என்று வந்தால் சரி, சத்தம் செத்திருந்தால் நிப்பிளை (கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சின்னத் திருகு) கால் சுற்றுதான் முறுக்குகிறார், ஒரேயடியாக இழுத்தால் கோட்டம் அந்தப் பக்கம் போய்விடுமாம். ரிம் மேலும் கீழும் குதிக்கிறதா என்றும் பார்க்கிறார், பல இடங்களில் இதை விட்டுவிடுவார்கள். நிப்பிளுக்கு மேல் நீட்டிய கம்பி முனைகளை அரத்தால் தேய்த்துவிட்டார், இல்லாவிட்டால் டியூப் பஞ்சர்தான்.

செயின் வேலை மட்டும் சுமார். கடைப் பையன் பெட்ரோலில் கழுவ வந்தான், தடுத்துவிட்டேன். ஓ-ரிங் செயினில் ரப்பர் வளையம் போட்டுக் கிரீஸை உள்ளேயே அடைத்திருப்பார்கள், பெட்ரோலில் அந்த ரப்பர் கெட்டால் அதோடு போச்சு. மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் துடைத்து, அப்புறம் 90 கிரேடு கியர் ஆயில் விட்டால் போதும், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. செயினை வேறு விறைப்பாக இழுத்து வைத்துவிட்டான், ஆள் உட்கார்ந்தால் இன்னும் இறுகும், பேரிங் என்னத்துக்கு ஆகும்? வீட்டில் நானே தளர்த்திக்கொண்டேன்.

கூலி நியாயம். ஞாயிறு மதியத்துக்கு மேல் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.