நாகர்கோவில் வடசேரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை: பழைய யெஸ்டி பைக் வைத்திருப்பவர்களுக்கு
யெஸ்டி தயாரித்த மைசூரு ஐடியல் ஜாவா கம்பெனி 1996-ல் மூடப்பட்ட பிறகு, என்னிடம் இருக்கும் யெஸ்டி ரோடுகிங் மாடலுக்குப் பார்ட்ஸ் தேடுவது பெரும்பாடு. குளச்சல் உப்புக்காற்றில் கிடந்த என் வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், சூடானதும் நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழுவியும் பலனில்லை. பாயின்ட் (இக்னிஷன் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) மூடியைத் திறந்தால், ஓடும்போது அதன் இடுக்கில் பொறி பளிச்பளிச்சென்று தெறிக்கிறது. அப்புறம் என்ன, அந்தப் பொறியை அடக்க வேண்டிய கண்டென்சர்தான் போய்விட்டது!

கடை அண்ணாச்சி, "எந்த மாடல் மக்கா?" என்று மட்டும் கேட்டார். தகர டப்பாவைத் துழாவிச் சரியானதையே எடுத்துத் தந்தார். அதை மாட்டி, பாயின்ட் இடைவெளியை 0.4 மி.மீ. வைத்தேன். தோவாளை வரை நிற்காமல் ஓடியது.

விலை கொஞ்சம் கூடுதல்தான். கிளட்ச் கேபிள் மட்டும் அங்கே வாங்காதீர்கள். நுனி ஈயம் சீக்கிரம் கழன்றுவிடுகிறது, திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.