மறுசேர்க்கை மனித பி53 புரதம்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து விற்கப்படும், புற்றுநோயைத் தடுக்கும் முழுநீள மனித பி53 புரதத்தை, டிஎன்ஏ பிணைப்புச் சோதனைகளுக்காகச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோகிராம் எண்ணை, வேலை செய்யும் புரதத்தின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கைப் பார்த்தாலே காரணம் விளங்கும். 393 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தின் உண்மையான நிறை சுமார் 43.7 கிலோடால்டன், ஒரு மைக்ரோகிராமில் ஏறத்தாழ 23 பிகோமோல் தனி அலகுகள் இருக்கும். பி53 தன் இலக்கு வரிசையில் நான்கு அலகுகள் கூடிய நிலையில்தான் பற்றிக்கொள்கிறது என்பதால், அந்த 23 பிகோமோல் உடனே ஆறுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதிலும் சரியாக மடிந்திருக்கும் பங்கு எவ்வளவு என்பதை எந்தத் தூய்மைச் சான்றிதழும் சொல்வதில்லை. (எஸ்டிஎஸ் ஜெல்லில் பட்டை 53 கிலோடால்டன் அருகே தெரிவதைக் கண்டு புதியவர்கள் திகைக்க வேண்டாம். புரோலின் மிகுந்த பகுதியால் அது மெதுவாக நகர்கிறது. 1979இல் கண்டறியப்பட்ட இப்புரதத்திற்குப் பெயரே அந்தத் தோற்ற நிறையால் வந்ததுதான்.)

இப்புரதம் இயல்பிலேயே நிலைப்பு குறைந்தது. டிஎன்ஏவைப் பற்றும் மையப் பகுதியை ஒரு துத்தநாக அயனி தாங்கி நிற்கிறது. 176, 238, 242ஆம் இடங்களிலுள்ள சிஸ்டீன்களும் 179ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடினும் அதைப் பிடித்திருக்கின்றன. ஆகவே, ஜெல் நகர்வுச் சோதனைக்கான (புரதம் பற்றிய டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக நகர்வதைக் காட்டும் சோதனை) பொதுச் செய்முறைகளில் வழக்கமாக இடம்பெறும், உலோக அயனிகளைப் பற்றி இழுக்கும் ஈடிடிஏவை, பி53க்கான பஃபரிலிருந்து நான் விலக்கிவிடுகிறேன். சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடையாமலிருக்க டிடிடியை அன்றன்று புதிதாகச் சேர்ப்பதும், பிணைப்பு வினையை 37 டிகிரியில் வைக்காமல் ஐஸிலோ அறை வெப்பநிலையிலோ நடத்துவதும் இப்போது எங்கள் ஆய்வகத்தில் எழுதாத சட்டம். குப்பி வந்ததும் ஒருமுறை பயன்பாட்டிற்கான சிறு பங்குகளாகப் பிரித்து, புரதம் ஒட்டாத டியூப்களில் மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். உருக்கியதை மீண்டும் உறைய வைத்தால், அடுத்த ஜெல்லில் சமிக்ஞை பட்டையாக நகராமல் மாதிரி ஊற்றும் கிணற்றின் வாயிலேயே தேங்கி நிற்பதைக் காணலாம்.

எனக்குள்ள உண்மையான குறை லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) உள்ள வேறுபாடுதான். புரதத்தை நிறமேற்றும் கூமாசி சாயத்தில் ஒன்றுபோலத் தூய்மையாகத் தெரிந்த இரண்டு லாட்களில் ஒன்று தெளிவான நகர்வைக் கொடுத்தது. மற்றொன்று மங்கலான இழுவையோடு நின்றுவிட்டது. விற்பனையாளரிடம் கேட்டபோது, அதே தூய்மைச் சான்றிதழ்தான் மறுபடியும் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு லாட்டையும் இரண்டு எதிர்ப்பொருள்களால் சோதிக்கிறேன்: பிஏபி1620 சரியாக மடிந்த வடிவத்தை மட்டும் அடையாளம் காணும், பிஏபி240 மடிப்புக் குலைந்ததை. டினேச்சர் செய்யாத நிலையில் இச்சோதனையைச் செய்வது முக்கியம். வெஸ்டர்ன் பிளாட்டில் இதற்குப் பொருளே இல்லை. அடுத்து, பிரிகை மாறிலியை (பாதியளவு பிணைப்பு நிகழும் செறிவு) விடப் பல மடங்கு அதிகமான செறிவில் டிஎன்ஏவை வைத்துக்கொண்டு புரதத்தைப் படிப்படியாகக் கூட்டினால், பிணைப்பு நிறைவடையும் இடத்திலிருந்து செயல்படும் பங்கு நேரடியாகக் கிடைத்துவிடும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் பழைய லாட்டின் தரவோடு புதியதை ஒப்பிட வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

முழுநீளப் புரதத்தின் சி-முனை எந்த டிஎன்ஏவையும் வரிசை பாராமல் பற்றும் என்பதால், அந்தப் பற்றுதலை ஈர்த்துக்கொள்ளச் சேர்க்கும் போட்டி டிஎன்ஏவின் அளவையும் லாட்டுக்கேற்பச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. சி-முனையைப் பற்றும் பிஏபி421 எதிர்ப்பொருளைச் சேர்த்தால் பட்டை மேலேறுவதோடு பிணைப்பும் வலுக்கும். ஆகவே, அதை அடையாளச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பாக்டீரியாவில் பாஸ்பேட் சேர்க்கை போன்ற மாற்றங்கள் மனித உயிரணுவில் நடப்பதுபோல் நடப்பதில்லை. அவை முக்கியமான ஆய்வென்றால் பூச்சி உயிரணுக்களில் தயாரானதைப் பார்க்கலாம். சுத்திகரிப்புக்காகப் புரதத்தோடு இணைக்கும் ஜிஎஸ்டி வால் தானாகவே இரட்டையாகச் சேரக்கூடியது என்பதால், நான்கலகுச் சேர்க்கையைப் படிப்பவர்கள் ஹிஸ்டிடின் வாலுள்ளதையோ வால் நீக்கியதையோ தேர்ந்தெடுப்பது நல்லது. எதிர்மறைக் கட்டுப்பாட்டிற்கு ஆர்273எச் (273ஆம் இடத்து அர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறிய) பிறழ்வுப் புரதத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஆர்175எச் பிறழ்வில் மடிப்பே குலைந்துவிடுகிறது; இதிலோ மடிப்பு குலையாமல், டிஎன்ஏவைத் தொடும் அர்ஜினினை மட்டும் இழந்திருப்பதால், ஒப்பீட்டுக்கு அதுவே பொருத்தமானது.