துணைக்கு ஆள் இல்லாமல் ஆங்கிலம்: மொட்டைமாடியில் ஒரு வருடச் சோதனை

ஆம்பூரில் ஒரு காலணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. பத்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்த என்னை ஷிப்பிங் பக்கம் மாற்றினார்கள். மெயில் வரைக்கும் சமாளித்தேன். ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ சரக்கு வாங்கும் பையர் போனில் வந்தால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டியது தெரியும், வார்த்தைகளும் தெரியும், வாக்கியம் மட்டும் கிளம்பாது. ஒரு வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். நாற்பது பேர் உட்கார்ந்திருப்போம், ஆங்கிலம் பேசியவர் வாத்தியார் ஒருவர்தான். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று காட்பாடி வீட்டு மொட்டைமாடிக்கு வந்துவிட்டேன். வேலூர் வெயிலில் வெந்த வீட்டுக்குள் ராத்திரி ஒன்பது மணிக்கும் உட்கார முடியாது என்பது அதற்கு இன்னொரு காரணம்.

முதலில் எல்லோரும் சொல்லும் கண்ணாடி. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பேச்சைவிட முகத்தில்தான் கவனம் போனது. அதோடு, ‘ஐ ஹேவ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்று நான் சொன்னதற்குக் கண்ணாடியும் என்னைப் போலவே தலையாட்டியது. ‘இன்னாடா, தனியா பேசிக்கினு கீறே?’ என்று அம்மா கேட்ட அன்றோடு அதை விட்டேன். மேடைக் கூச்சத்துக்கு வேண்டுமானால் உதவலாம்.

அடுத்தது ஆங்கிலப் பேப்பரை வாய்விட்டு வாசிப்பது. செலவில்லை, வாய்க்கும் பழக்கம் வரும். ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி கிடைத்துவிடும். ஆங்கிலத்தை அப்படி நம்ப முடியாது. பத்து வருடம் கணக்கெழுதிய நான் ‘டெட்’ (கடன்) என்று சொல்ல வேண்டியதை ‘டெப்ட்’ என்றும், ‘ரிசீட்’டை ‘ரிசீப்ட்’ என்றும் சத்தமாக வாசித்து, தப்பை இன்னும் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தேன். எழுத்தில் இருக்கும் ‘பி’ இரண்டு சொல்லிலும் பேச்சில் வராது. இதெல்லாம் போக, வாசிக்கும்போது சொந்தமாக ஒரு வாக்கியமும் கட்டுவதில்லை. என் நோயே அதுதான்.

உண்மையான போட்டி இதற்கப்புறம்தான். ஒரு பக்கம் ஷேடோயிங், இன்னொரு பக்கம் போனில் இருக்கும் ரெக்கார்டர்.

ஷேடோயிங் என்றால், ஒருவர் பேசுவதைக் காதில் கேட்டபடியே அரை விநாடி பின்னால் நாமும் அதையே சொல்லிக்கொண்டு போவது. நிழல் தொடர்வதுபோல. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ நிகழ்ச்சி இதற்கு வசதி. ஆறு நிமிட அளவு, பேச்சின் எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். இந்திய உச்சரிப்பு போதும் என்பவர்களுக்கு ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தி. நம் வாயில் ‘புக்’ ‘புக்கு’ ஆவதும், ‘எக்ஸாம்’ ‘யெக்ஸாம்’ ஆவதும் இதில்தான் குறைந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஒரு அசையை அழுத்தி மற்றதை விழுங்கிவிடுகிறார்கள். ‘ரெக்கார்ட்’ என்ற சொல்லில் முன்னால் அழுத்தினால் பதிவு, பின்னால் அழுத்தினால் பதிவு செய். அந்தத் தாளத்தை விதியாகப் படித்தபோது எனக்கு ஏறவில்லை. கூடவே பாடியபோது ஏறியது.

ஆனால் இதன் எல்லையைக் காட்பாடி ஜங்ஷனில் தினமும் பார்க்கலாம். ‘மே ஐ ஹேவ் யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ்’ என்று அறிவிப்பு வருகிறதே, அதை அதே ராகத்தோடு, பிசிறில்லாமல் சொல்லிக்காட்டுவதற்கு எங்கள் ரயில் சிநேகிதர்களில் ஐந்து பேராவது இருக்கிறார்கள். ‘வண்டி லேட், ஆபீசுக்கு வர அரை மணி ஆகும்’ என்று ஆங்கிலத்தில் மேனேஜருக்குப் போன் செய்யச் சொன்னால், போனை அடுத்தவனிடம் நீட்டுவார்கள். நானும்தான்.

அந்த இடத்தில் ரெக்கார்டர் ஜெயிக்கிறது. வெறுமனே பேசிப் பதிவதைச் சொல்லவில்லை. 4-3-2 என்றொரு முறை. கீத் மாரிஸ் என்பவர் 1983இல் எழுதியது, நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் பரவலாக்கியது. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், அப்புறம் மூன்று, கடைசியில் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். மூன்று தடவைக்கு மூன்று வேறு ஆட்கள் கேட்க வேண்டும் என்பது மூல ஏற்பாடு. எனக்கு ஆள் ஏது? போன்தான் மூன்று பேரும்.

நான் எடுத்த முதல் விஷயம், சென்னைத் துறைமுகத்தில் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரத்தை, தவறவிட்ட ஒரு கண்டெய்னர். முதல் சுற்றில் பாதி நேரம் ‘ஆக்சுவலி’யிலேயே போனது. இரண்டாவது சுற்றில் என்ன சொல்வது என்ற யோசனை தேவைப்படவில்லை, அதனால் வாக்கியம் தானாக வந்தது. மூன்றாவதில் நேரம் நெருக்கியதால் சுற்றி வளைக்க வழியில்லை. மொத்தமே ஒன்பது நிமிடம். திரும்பக் கேட்பதுதான் கொடுமை; நம் குரல் நமக்கே பிடிக்காது. இதிலும் ஒரு குறை உண்டு: இலக்கணத் தப்பை இது தானாகத் திருத்தாது. முதல் சுற்றின் தப்பு மூன்றாம் சுற்றில் இன்னும் வேகமாக வரும், அவ்வளவுதான். அதனால் முதல் பதிவைக் கேட்டு இரண்டு மூன்று தப்பை நோட்டில் குறித்துத் திருத்திக்கொண்ட பிறகே அடுத்த சுற்றுக்குப் போகிறேன்.

கடைசியில் வந்து சேர்ந்தது ஏஐ. சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டிலும் குரலில் பேசலாம். மேலே சொன்ன எதிலும் இல்லாத ஒன்று இதில் உண்டு: திருப்பிக் கேள்வி கேட்கும். தொல்லை என்னவென்றால், அளவுக்கு மீறி நல்ல பிள்ளை. நான் எப்படி உளறினாலும் முன்பின் பார்த்துச் சரியான சொல்லை யூகித்துக்கொள்கிறது, போதாததற்குப் பாராட்டும் வைக்கிறது. பையர் ‘சாரி?’ என்று இழுப்பாரே, அந்த ஒரு சொல் இதனிடம் வருவதில்லை. ‘பாராட்டாதே, நான் முடித்ததும் தப்பை மட்டும் சொல், கோபக்கார பையராக நடி’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தேவலாம்.

யாருக்கு எது என்பது தேவையைப் பொறுத்தது. வேலூரில் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குத் தயாராகும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதுகிறவர்களுக்கு ஏஐதான் என் சிபாரிசு. அதன் பேச்சுத் தேர்வில் தலா ஐந்து நிமிட அளவில் இரண்டு நடிப்பு உரையாடல்கள் வரும். நோயாளியாக நடிக்க அதைப்போல அலுக்காத ஆள் கிடைக்காது. வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு என்றால் ரெக்கார்டர். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும், 4-3-2இன் கடைசிச் சுற்று போலவே. உச்சரிப்பு மட்டும்தான் கவலை என்றால் ஷேடோயிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் வாரத்தில் நான்கு இரவு ரெக்கார்டர், இரண்டு இரவு ஷேடோயிங், ஞாயிறு மட்டும் ஏஐ என்று வைத்திருந்தேன். போன வாரம் ஜெர்மனி பையரிடம் ஒரு தாமதத்தை இரண்டு நிமிடத்தில் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். ‘அப்படியானால் விமானச் சரக்குச் செலவு யாருடையது?’ என்று அவர் திருப்பிக் கேட்டதும் பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த மாதம் ரெக்கார்டரில் இரண்டு இரவைக் குறைத்து ஏஐக்குக் கொடுத்திருக்கிறேன்.